போனில் பாதுகாப்புத் தேதியைப் பார்த்தீர்களா?

காரைக்கால்மேட்டில் மீன்பிடித் தடைக்கால நிவாரணம் நேராக வங்கிக் கணக்கில் ஏறுகிறது. பணம் வந்ததா என்று பலர் பார்ப்பதும், கடலுக்குக் கிளம்பும் முன் காற்றும் அலையும் எப்படி என்று பார்ப்பதும் போனில்தான். ஆண்ட்ராய்டு போன் என்றால் அதன் அடியில் ஓடுவது லினக்ஸ் கெர்னல். 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கி, இன்று உலகெங்கும் பலர் சேர்ந்து எழுதும் திறந்த மூல நிரல் இது. இதில் தெரியவரும் ஓட்டையை அடைக்கும் திருத்தமே பேட்ச்.

ஆபத்து எங்கே?

திருத்தம் இலவசம், அது நம் கைக்கு வர ஆகும் தாமதம்தான் சிக்கல். படிக்க மட்டுமே அனுமதியுள்ள கோப்பைக்கூட மாற்ற வழிவிட்ட ‘டர்ட்டி பைப்’ ஓட்டைக்கு, 2022 பிப்ரவரி 23-லேயே கெர்னலில் திருத்தம் வெளியானது. மார்ச் 7-இல் ஓட்டையின் விவரம் ஊரறிந்தது. கூகுளின் சொந்த பிக்சல் 6 போனுக்கே திருத்தம் மே மாதம்தான் வந்தது. மற்ற போன்களில் சிப் நிறுவனம், போன் நிறுவனம் என்று ஒவ்வொரு கையாக மாறித்தான் திருத்தம் வர வேண்டும். போன் நிறுவனம் கைவிட்டால் அத்தோடு நின்றுவிடும்.

செய்ய வேண்டியவை

• அமைப்புகளில் ‘போனைப் பற்றி’ பகுதிக்குப் போய், பாதுகாப்பு அப்டேட் தேதியைப் பாருங்கள். மாதத்தின் 5-ஆம் தேதி என்றிருந்தால் கெர்னல், சிப் திருத்தங்களும் அடக்கம். 1-ஆம் தேதி என்றால் அவை முழுமையாக வந்திருக்கும் என்று சொல்ல முடியாது.
• அப்டேட் இறங்கியதும் போனை ரீஸ்டார்ட் செய்யுங்கள். அதுவரை பழைய கெர்னல்தான் ஓடும்.
• வாட்ஸ்அப்பில் ‘அப்டேட்’ என்று வரும் ஏபிகே கோப்பைத் தொடாதீர்கள்.
• அப்டேட் நின்று வருடக்கணக்கான போனில் வங்கிச் செயலி வேண்டாம்.

உரிமை

கெர்னலின் ஜிபிஎல் உரிமம், போனோடு வந்த கெர்னலின் மூல நிரலைக் கேட்டுப் பெற வழிசெய்கிறது. அதைக் கொண்டுதான் லீனேஜ்ஓஎஸ் போன்ற தன்னார்வக் குழுக்கள் பழைய போன்களுக்கும் திருத்தம் தருகின்றன. ஆனால் அவர்கள் தரும் மென்பொருளை நிறுவினால் போனிலுள்ளவை அழியும். சில வங்கிச் செயலிகள் வேலை செய்யாமலும் போகலாம்.

பேட்ச் கொடுத்தே தீர வேண்டும் என்று ஜிபிஎல் நிறுவனத்தைக் கட்டாயப்படுத்தாது. ஐரோப்பிய ஒன்றியத்தில், 2025 ஜூன் 20 முதல் சந்தைக்கு வரும் மாடல்களுக்கு, விற்பனை முடிந்த பிறகும் குறைந்தது 5 ஆண்டு அப்டேட் தர வேண்டும். இங்கே நமக்குக் கைகொடுப்பது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019. இத்தனை ஆண்டு அப்டேட் என்று விளம்பரம் செய்துவிட்டுத் தராவிட்டால், பில்லையும் விளம்பரப் படத்தையும் வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். தீராவிட்டால் 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம்.

பணம் போனால்

உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கும் வங்கிக்கும் சொல்லுங்கள். 2017-இல் ரிசர்வ் வங்கி வகுத்த விதிப்படி, தவறு உங்களுடையதோ வங்கியுடையதோ இல்லாமல் நடந்த மோசடியை, வங்கித் தகவல் வந்த 3 வேலை நாளுக்குள் தெரிவித்தால் இழப்பு உங்கள் தலையில் விழாது. புகார் எண்ணைக் கேட்டு வாங்கி, பத்திரமாக எழுதி வையுங்கள்.

அடுத்த போன் வாங்கும்போது கேமராவுக்கு முன்பே கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி: “இதுக்கு எந்த வருஷம் வரைக்கும் செக்யூரிட்டி அப்டேட் வரும்?”