தெருவிளக்கும் சிவப்பு இலையும்

கிறிஸ்துமஸ் வந்தால் மேலை நாட்டினர் ஹாலி மரத்தின் கிளைகளை வாசலில் தொங்கவிடுவார்கள். முள் விளிம்புள்ள பச்சை இலை, சிவந்த சிறு கனி. குளிர்நாட்டு மரமான அதற்குத் தட்டாஞ்சாவடியின் வெக்கை ஒத்துவராது. அந்தச் சிவப்பையும் பச்சையையும் நமக்குத் தருவது பாய்ன்செட்டியா. இது மெக்சிகோ நாட்டுச் செடி. அங்கே அமெரிக்கத் தூதராக இருந்த ஜோயல் பாய்ன்செட் 1828-ஆம் ஆண்டையொட்டி இதைத் தம் நாட்டுக்கு அனுப்பினார். அவர் பெயரே செடிக்கு நிலைத்தது.

நாம் சிவப்பு இதழ்கள் என்று நினைப்பவை பூவடிச் செதில்கள், அதாவது நிறம் மாறிய இலைகள். நடுவிலுள்ள மஞ்சள் மணிகளில்தான் பூக்கள் இருக்கின்றன.

மாணவர்களே, மாதக்கணக்கில் பச்சையாக நிற்கும் செடி மார்கழியையொட்டிச் சிவப்பது ஏன்? முதற்காரணம் குளிர் அன்று, இரவின் நீளம். புதுச்சேரியில் ஜூன் இறுதியில் இரவு ஏறத்தாழ 11 மணி 10 நிமிடம். டிசம்பர் இறுதியில் 12 மணி 35 நிமிடம். இந்தச் சிறு வேறுபாட்டையும் செடி உணர்கிறது! பகல், இரவு நீளத்துக்கேற்பச் செடிகள் பூப்பதை கார்னர், அல்லார்டு என்ற அறிவியலார் 1920-இல் விளக்கினர். அதுவே ஒளிக்காலத்துவம்.

செடி எப்படி அளக்கிறது? இலையில் ஃபைட்டோகுரோம் என்னும் நிறமி உண்டு. 660 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பொளி பட்டால் அது வேறு வடிவம் பெறும். இருளில் மெல்லப் பழைய வடிவுக்குத் திரும்பும். நடு இரவில் விளக்கொளி பட்டால் இந்தத் திரும்புதல் கெடும். நீண்ட இரவு நடந்ததாகவே செடி அறியாது. அதனால்தான் தெருவிளக்கின் கீழுள்ள செடி பச்சையாகவே நின்றுவிடுகிறது. அதை மலட்டுச் செடி என்று பிடுங்கி எறியாதீர்கள். இடத்தை மாற்றினால் போதும்.

நீங்களே சோதித்துப் பாருங்கள். ஜூன், ஜூலையில் ஒரு சாண் தண்டுகள் இரண்டை வெட்டி, பால் உலர்ந்தபின் மணல் கலந்த மண்ணில் தனித்தனித் தொட்டிகளில் நடுங்கள். நீர் தேங்கக்கூடாது. ஆகஸ்டுக்குப் பிறகு நுனி கிள்ளாதீர்கள். அக்டோபர் முதல் ஒரு தொட்டியை மாலை 5 மணிக்கு அட்டைப்பெட்டியால் மூடி, காலை 8 மணிக்குத் திறந்து வெயிலில் வையுங்கள். மற்றதை இரவு முழுதும் எரியும் விளக்கருகே வையுங்கள். எட்டு முதல் பத்து வாரங்களில் வேறுபாடு தெரியும்.

அலங்காரத்துக்குக் கிளை வெட்டினால் பால் வடியும். வெட்டுவாயைச் சில நொடிகள் தீயில் காட்டினால் நின்றுவிடும். இதைப் பெரியவர்கள் துணையுடன் செய்யுங்கள். பால் கண்ணில் படக்கூடாது. கையை நன்றாகக் கழுவுங்கள்.