முதியவருக்கு மருந்து எழுதும் முன்

முதுமையில் நோய் தனியாக வருவதில்லை. சர்க்கரை, இரத்தக் கொதிப்பு, மூட்டுவலி, தூக்கமின்மை என்று எழுபது வயதுக்காரர் ஒருவரிடமே நான்கைந்து சேர்ந்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி சிகிச்சை நெறி உண்டு. அத்தனையையும் ஒரே உடம்பில் அப்படியே கடைப்பிடித்தால் மருந்தே நோயாகிவிடும். எதை முதலில் கவனிப்பது, எதைத் தளர்த்துவது, எதை நிறுத்துவது என்ற முடிவுகளில் பெரும்பாலானவை ஆரம்ப சுகாதார நிலையத்திலும் தெருமுனைக் கிளினிக்கிலும்தான் எடுக்கப்படுகின்றன. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்கள் 8.6 சதவீதம், தமிழகத்தில் 10.4 சதவீதம்.

கோவைக்கும் திருப்பூருக்கும் நடுவே இருக்கும் விசைத்தறி ஊர் சோமனூர். இரு நகரங்களும் அருகில் இருப்பதால் இங்குள்ள முதியவர் சர்க்கரைக்கு ஒரு மருத்துவரையும், முழங்காலுக்கு இன்னொருவரையும், காய்ச்சலுக்கு உள்ளூர்க் கிளினிக்கையும் பார்ப்பது எளிது. மூன்று சீட்டுகளும் ஒரே பையில் சேரும். மூன்றையும் ஒருசேரப் படிப்பவர் இருக்கமாட்டார். ஆண்டுக்கணக்கில் தறிக்குடோன் இரைச்சலில் நின்றவர்களுக்குக் காது மந்தமாவதும் வழக்கம். ‘காலையில் பாதி, ராத்திரி ஒன்று’ என்பது பாதிதான் காதில் விழும். முகம் பார்த்து நிதானமாகச் சொல்லி, திருப்பிச் சொல்லக் கேட்பதும் சிகிச்சையில் சேர்ந்ததே.

முதியவரின் முறையீடு பெரும்பாலும் ‘மேலுக்கு முடியலீங்க’ என்ற ஒற்றை வரிதான். அதற்குள் எதுவும் ஒளிந்திருக்கலாம். காய்ச்சலே இல்லாமல் நிமோனியா வரும். நெஞ்சுவலி இல்லாமல் மாரடைப்பு வரும். உடம்பில் தொற்று இருப்பது திடீர்க் குழப்பப் பேச்சாக வெளிப்படும். நேற்றுவரை வாசல் தெளித்துக் கோலம் போட்டவர் இன்று எழவில்லை என்றால் அது அவசரம். வயதாகிவிட்டது என்று ஒதுக்கக்கூடாது. மாதக்கணக்கில் மெல்ல வந்த தளர்ச்சிக்கு இரத்தசோகை, தைராய்டு, மனச்சோர்வு, மருந்துகள் என்று ஒவ்வொன்றாகத் தேட அவகாசம் உண்டு.

அந்தத் தேடலை மருந்துப் பையில் தொடங்கலாம். இரத்தக் கொதிப்புக்குத் தரும் அம்லோடிபின் சிலருக்குக் கணுக்காலை வீங்க வைக்கும். அதைத் தனி நோய் என்று எண்ணி, நீர் பிரிய ஒரு மாத்திரை சேர்ப்பார்கள். இரவில் மூன்று முறை சிறுநீர் கழிக்க எழுபவர் இருட்டில் தடுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்வார். இந்தச் சங்கிலியை முதல் கண்ணியிலேயே அறுக்கலாம். மூட்டுவலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோபினாக் இரத்த அழுத்தத்தை ஏற்றும், சிறுநீரகத்தையும் பாதிக்கும். மெலிந்த முதியவருக்குத் தசை குறைவு என்பதால், சிறுநீரகம் தளர்ந்த பிறகும் இரத்தத்தில் கிரியாட்டினின் அளவு சரியாகவே தெரியும். வயதையும் எடையையும் சேர்த்துக் கணக்கிட்டால்தான் உண்மை தெரியும். கிளிபென்கிளமைடு போன்ற சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு புரட்டாசிச் சனிக்கிழமை விரதம் இருந்தால் சர்க்கரை ஆபத்தாக இறங்கும். சளி மாத்திரையில் இருக்கும் குளோர்பெனிரமின் குழப்பத்தையும் சிறுநீர் அடைப்பையும் உண்டாக்கும்.

முதியவர்களுக்குத் தவிர்க்கவேண்டிய மருந்துகளின் பட்டியல் ஒன்றை அமெரிக்க மருத்துவர் மார்க் பியர்ஸ் 1991இல் தொகுத்து வெளியிட்டார். அது இன்றும் புதுப்பிக்கப்பட்டு வருகிறது. நிறுத்துவதற்கும் முறை உண்டு: ஒரு நேரத்தில் ஒரு மருந்து. தூக்க மாத்திரை, அட்டெனலால் போன்றவற்றைப் படிப்படியாகத்தான் குறைக்கவேண்டும்.

‘எண்பது வயசாச்சு, இனி எதுக்குப் பிரசர் மாத்திரை?’ என்ற கேள்விக்கு 2008இல் வெளியான ஹைவெட் ஆய்வு பதில் சொன்னது. 80 வயதைக் கடந்தவர்களுக்கு 150/80 என்ற இலக்கு வைத்துச் சிகிச்சை தந்தபோது மரணமும் இதயச் செயலிழப்பும் குறைந்தன. ஆனால் அதில் பங்கேற்றவர்கள் ஓரளவு திடமானவர்கள். எழுந்தாலே தலை சுற்றுபவருக்கு அதே அளவுகோல் பொருந்தாது. படுத்திருக்கும்போது ஒருமுறையும், எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் இன்னொரு முறையும் அழுத்தம் பார்க்கவேண்டும். மேல் எண் 20 புள்ளி இறங்கினால் விழும் அபாயம் உண்டு. சர்க்கரையிலும் இப்படியே. திடமான முதியவருக்கு மூன்று மாதச் சராசரி (HbA1c) 7 முதல் 7.5 சதவீதம் வரை இருக்கலாம். பல நோய்கள் உள்ளவருக்கு 8 வரை விடலாம்.

திடத்தை அளக்க ஒரு நாற்காலி போதும். அதிலிருந்து எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொல்லவேண்டும். 12 விநாடிக்கு மேலானால் கால் வலுவையும் பார்வையையும் மருந்துகளையும் கவனிக்கவேண்டும்.

பெரும்பாலும் மகனோ மருமகளோ உடன் வருவதால், மருத்துவர் அவர்களிடமே பேசிவிடுகிறார். நோயாளிக்கு எது முக்கியம் என்பது கேட்கப்படாமலே போகிறது. ஒருவருக்குக் கோயிலுக்கு நடந்து போகவேண்டும். இன்னொருவருக்கு இரவில் எழாமல் தூங்கினால் போதும். முழங்கால் அறுவையா, கண்புரை அறுவையா, எது முதலில் என்பது அந்தப் பதிலைப் பொறுத்தது. சுயநினைவும் புரிதலும் உள்ளவரை சம்மதம் தரவேண்டியவர் நோயாளியே. இறுதிக்கட்ட சிகிச்சை எவ்வளவு வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2018இல் ஏற்று, 2023இல் அதன் நடைமுறையை எளிதாக்கியது.

இந்தியாவில் முதியோர் மருத்துவத்துக்குத் தனிப்பிரிவு 1978இல் சென்னையில்தான் டாக்டர் வி.எஸ். நடராஜன் முயற்சியால் தொடங்கியது. 2021 ஆகஸ்ட் 5இல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற தமிழக அரசுத் திட்டம் சிகிச்சையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. தன்னார்வலர் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை தருகிறார். நடமாட முடியாதவருக்கு இயன்முறை சிகிச்சையும் நோய்த்தணிப்புக் கவனிப்பும் உண்டு. பிரிக்காத மாத்திரை அட்டையும் வழுக்கும் குளியலறையும் வீட்டுக்குப் போகிறவர் கண்ணில்தான் படும். அந்தச் செய்தி மருத்துவரை எட்டினால் அடுத்த சீட்டு மாறும். ஆண்டுக்கு ஒருமுறையும், மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியதும், ஒவ்வொரு முறை விழுந்த பிறகும், வீட்டில் உள்ள எல்லா மாத்திரைகளையும் ஒரே பையில் போட்டு ஒரே மருத்துவரிடம் காட்டுவது நல்லது. லேகியமும் சூரணமும் அந்தப் பையில் இருக்கவேண்டும்.