மூச்சுத் திணறும்போது ஆக்ஸிஜன் மட்டும் போதுமா?

ராத்திரி ரெண்டு மணி. வண்டியூரில் உங்கள் வீடு. மோட்டார் நியூரான் நோயில் கை கால் விழுந்துபோன அப்பா, படுக்க மாட்டேன் என்று கண்ணாலேயே சொல்கிறார். 108-க்கு போன் போட்டு, கோரிப்பாளையம் பெரியாஸ்பத்திரிக்கு ஓடுகிறீர்கள். அங்கே டியூட்டி டாக்டர் தினமும் பார்ப்பது ஆஸ்துமாவும் மாரடைப்பும். இந்த நோய்க்காரர் அபூர்வம். அதனால் நீங்கள் வாய் திறந்து சொல்லும் முதல் ரெண்டு வாக்கியம் ரொம்ப முக்கியம்.

தசைகளுக்கு உத்தரவு போடுகிற நரம்பு செல்கள், மூளையிலும் தண்டுவடத்திலும் ஒவ்வொன்றாகச் செத்துப்போவதுதான் இந்த நோய். கை, கால், நாக்கு, தொண்டை என்று போய், கடைசியில் மூச்சுத் தசைகளும் தளரும். நுரையீரல் பழுதாகவில்லை. கொல்லன் பட்டறையில் துருத்தி நன்றாக இருக்கிறது, அமுக்குகிற கைதான் ஓய்ந்துவிட்டது. இதனால் கரியமில வாயு வெளியே போகாமல் ரத்தத்தில் தங்கிவிடுகிறது. இந்த நிலையில் ஆக்ஸிஜனை மட்டும் அதிகமாகத் திறந்துவிட்டால் விரலில் மாட்டிய கருவி நல்ல எண்ணைக் காட்டும், நோயாளியோ மெல்ல மயக்கத்தில் ஆழ்வார். "அப்பாடா, தூங்கிட்டாரு" என்று நிம்மதியாகி விடாதீர்கள்!

அவருக்குத் தேவை, முகமூடி வழியாகக் காற்றைத் தள்ளுகிற பைபேப் மெஷின். கூடவே ரத்த வாயுப் பரிசோதனை. "டாக்டர், இவருக்கு மோட்டார் நியூரான் நோய், மூச்சுத் தசை தளர்ந்திருக்கு. மல்லாக்கப் படுக்க வைக்காதீங்க" என்று சொல்லுங்கள். தூக்க மருந்து, வலி ஊசி போடும் முன்பும் இதை ஞாபகப்படுத்துங்கள். அதற்காக நீங்களாகவே ஆக்ஸிஜன் மாஸ்க்கைக் கழற்றிவிடக் கூடாது. நிமோனியா இருந்தால் ஆக்ஸிஜனும் வேண்டும்.

இந்த அவசரம் பெரும்பாலும் சொல்லிக்கொண்டுதான் வருகிறது. காலையில் எழுந்ததும் தலைவலி, ரெண்டு மூணு தலையணை கேட்பது, பகலில் தூங்கி வழிவது, இருமலில் வலு இல்லாமல் போவது. இதைப் பார்த்ததுமே நரம்பியல் டாக்டரிடம் போனால் மெஷின் வீட்டுக்கே வந்துவிடும். புரையேறுவதும் அப்படித்தான். கெட்டியான கஞ்சியைவிட வெறும் தண்ணீர்தான் சிலருக்குச் சிரமம். அது நுரையீரலுக்குள் போனால் நிமோனியா. வயிற்றில் நேரடியாக உணவுக்குழாய் வைப்பதானால், மூச்சு மோசமாவதற்கு முன்பே வைத்துவிடுவது நல்லது. நாள் கடத்தினால் அந்தச் சின்ன ஆபரேஷனே ஆபத்தாகும்.

எல்லோருக்கும் நோய் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. தென்னிந்திய இளைஞர்களிடம், காது கேளாமையோடு மெதுவாக வளரும் ஒரு வகையை 1970-ல் டாக்டர் பி. ராமமூர்த்தி உள்ளிட்ட சென்னை டாக்டர்கள் எழுதினார்கள். உலகம் அதை 'மெட்ராஸ்' வகை என்றே சொல்கிறது.

விஞ்ஞானி ஸ்டீபன் ஹாக்கிங்கை உங்களுக்குத் தெரியும். 1985-ல் ஜெனிவா போன இடத்தில் நிமோனியா வந்து வென்டிலேட்டரில் போட்டார்கள். எடுத்துவிடலாமா என்று மனைவியிடம் கேட்டபோது அவர் மறுத்துவிட்டார். தொண்டையில் துளை போட்டார்கள். பேச்சு போனது, ஆனால் 2018 வரை, 76 வயது வரை வாழ்ந்தார். எல்லோருக்கும் இப்படி அமையாது. தொண்டைத் துளையோடு வருஷக்கணக்கில் வீட்டில் பார்த்துக்கொள்ள ராப்பகலாக ஆள் வேண்டும். அதனால் வேண்டும், வேண்டாம் என்பதை நோயாளிதான் சொல்ல வேண்டும். உடம்பு அசையாவிட்டாலும் பெரும்பாலோருக்குப் புத்தி தெளிவாகவே இருக்கும்.

"இப்பப் போயி அதைக் கேட்பாங்களா?" என்று வீட்டில் திட்டுவார்கள். கேளுங்கள். நிதானமான ஒரு நாளில், எழுத்துப் பலகையைக் காட்டி, கண் சிமிட்டலில் பதில் வாங்குங்கள். முன்கூட்டியே எழுதிவைக்கும் மருத்துவ விருப்பத்தை சுப்ரீம் கோர்ட் 2018-ல் ஏற்று, 2023-ல் நடைமுறையைச் சுலபமாக்கியது. ரெண்டு சாட்சி, நோட்டரி அல்லது கெஜடட் அதிகாரி கையெழுத்து போதும்.

அந்தத் தாள், மருந்துச் சீட்டு, கடைசி மூச்சுப் பரிசோதனை ரிப்போர்ட், எழுத்துப் பலகை எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு கதவோரம் மாட்டுங்கள். பைபேப் இருந்தால் அதையும் முகமூடியோடு வண்டியில் ஏற்றுங்கள். அழகர் வண்டியூர் வருகிற நாளில் தெருவில் எறும்பு நுழைய இடமிருக்காது; அன்றைக்கு எந்த வழியாக வண்டி வெளியேறும் என்பதை முதல் நாளே விசாரித்து வையுங்கள்.