லாரியின் கியர் பெட்டிக்கு ஒரு வெப்பமானி

பாலக்காட்டு மாவட்டத்தின் கிழக்கெல்லையில், நெல்லியாம்பதி மலையடிவாரத்தில் அமைந்த முதலமடை, மாந்தோப்புகளால் பெயர் பெற்ற ஊர். நாட்டின் பிற பகுதிகளில் மாங்காய் முற்றுவதற்கு முன்பே, ஜனவரி, பிப்ரவரித் திங்களிலேயே இங்கு அறுவடை தொடங்கிவிடுகிறது. முந்தி வரும் காய்க்கு வடநாட்டுச் சந்தைகளில் நல்ல விலை உண்டு. ஆனால் தில்லி மக்கள் அதைச் சுவைக்க வேண்டுமானால், லாரி கோவிந்தாபுரம் எல்லையைக் கடந்து, பொள்ளாச்சி, சேலம் வழியே தொப்பூர்க் கணவாயை ஏறி, நாகபுரியின் வெயிலையும் தாண்டி, 2,500 கிலோமீட்டருக்கு மேல் ஓடியாக வேண்டும். லாரி வழியில் நின்றுவிட்டால், உள்ளே அடுக்கிய காய் தன் பழுத்தலை நிறுத்தி வைப்பதில்லை. இரண்டு நாள் தாமதம் தோட்டக்காரரின் ஓராண்டு உழைப்பையும், ஓட்டுநரின் கூலியையும் ஒருசேரக் குலைத்துவிடும்.

இவ்வாறு லாரியை நடுவழியில் நிறுத்தும் காரணங்களுள் ஒன்று கியர் பெட்டியின் அதிக வெப்பம். எஞ்சினின் தண்ணீர் சூடேறினால் ஓட்டுநரின் முன்னுள்ள முள் உடனே அறிவித்துவிடும். கியர் பெட்டிக்கு அத்தகைய முள் பெரும்பாலான லாரிகளில் இல்லை. ஆகவே வெளியூர்களில் லாரித் தொழிலை நம்பி வாழும் நம்மவர் அதனைத் தாமே வாங்கிப் பொருத்திக்கொள்வது எவ்வாறு என்பதை இங்கே ஆராய்வோம்.

முதலில் இவ்வெப்பம் எங்கிருந்து தோன்றுகிறது என்பதை அறிதல் வேண்டும். எஞ்சினின் ஆற்றல் முழுவதும் சக்கரத்தைச் சென்றடைவதில்லை. பற்சக்கரங்கள் ஒன்றோடொன்று உராய்வதிலும் எண்ணெயைக் கலக்குவதிலும் ஒரு சிறு பங்கு வெப்பமாக மாறுகிறது. 150 கிலோவாட் ஆற்றலில் நூற்றுக்கு மூன்று பங்கு வீணாவதாகக் கொண்டால், அது நான்கரை கிலோவாட். அதாவது நான்கைந்து மின்சார அடுப்புகளை அப்பெட்டிக்குள் எரியவிட்டதற்கு ஒப்பாகும். சமவெளியில் விரைந்து செல்லும்போது எதிர்க்காற்று இவ்வெப்பத்தை வாங்கிக்கொண்டு போகும். மலையேற்றத்திலோ, வேகம் குறைகிறது, காற்றும் குறைகிறது, சுமை மட்டும் மிகுகிறது. ஆழியாற்றிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வால்பாறைக்கு ஏறும் வண்டியின் நிலை இதுவே.

வெப்பம் மிகுந்தால் எண்ணெய் நீர்த்துப்போகிறது. பற்களுக்கு இடையே நிற்க வேண்டிய எண்ணெய்ப் படலம் அறுகிறது. ஆயில் சீல்கள் இறுகிக் கசியத் தொடங்குகின்றன. கசிவால் எண்ணெய் குறைய, எஞ்சிய எண்ணெய் மேலும் சூடாகிறது. இச்சுழல் தொடங்கிவிட்டால் பேரிங்குகள் தேய்ந்து கியர் பெட்டி கூச்சலிடுவதே ஓட்டுநருக்குக் கிடைக்கும் முதல் செய்தி. அப்பொழுது செய்வதற்கு ஒன்றுமிராது.

கையால் கியர் மாற்றும் லாரி ஒருவகை. எண்ணெயின் சுழற்சியாலேயே விசையைக் கடத்தும் தானியங்கிப் பெட்டி மற்றொரு வகை. பின்னதில் உள்ள டார்க் கன்வெர்ட்டரை, கப்பல்களுக்காக ஜெர்மானியப் பொறியாளர் ஹெர்மன் ஃபாட்டிங்கர் வகுத்து 1905இல் காப்புரிமை பெற்றார். குறைந்த வேகத்தில் கனத்த சுமையை இழுக்கும்போது, கன்வெர்ட்டருக்குள் எண்ணெய் வெகுவாகக் கடையப்பட்டு விரைவில் சூடேறும். எனவே தானியங்கி வண்டிக்கு வெப்பமானி மிகவும் இன்றியமையாதது. கை கியர் வண்டி எப்பொழுதும் சமவெளியில் அளவான சுமையோடு ஓடுமாயின், எண்ணெய் மட்டத்தையும் கசிவையும் ஒழுங்காகப் பார்த்துவருதலே போதும்.

இனி, வாங்கும்போது கருத வேண்டுவன. கடைகளில் இருவகை மீட்டர்கள் கிடைக்கும். ஒன்று, குமிழ் முனையையும் மெல்லிய செப்புக் குழாயையும் உடையது. இதற்கு மின்சாரம் வேண்டா. ஆயினும் அக்குழாயை வெட்டவோ ஒட்டவோ கூடாது. கூர்மையாக மடித்தாலும் கெடும். இன்றைய லாரிகள் பலவற்றில் எஞ்சினைப் பார்க்க முன் கேபினையே கவிழ்க்க வேண்டியிருப்பதால், இக்குழாய் அடிக்கடி நெளிந்து முறிய நேரும். ஆகவே அத்தகைய லாரிகளுக்கு, சென்சாரும் ஒயரும் கொண்ட மின்சார மீட்டரே ஏற்றது.

மின்சார மீட்டரில் மூன்று செய்திகளைக் கேட்டறிக. முதலாவது, மின்னழுத்தம். நம் நாட்டுப் பெரிய லாரிகள் 24 வோல்ட்டிலும், சிறிய பிக்கப் வண்டிகள் 12 வோல்ட்டிலும் இயங்குகின்றன. ஒன்றிற்குரியதை மற்றொன்றில் பூட்டலாகாது. இரண்டாவது, மீட்டரும் சென்சாரும் ஒரே தயாரிப்பாளரின் இணையாக இருத்தல். ஒன்றின் சென்சாரை வேறொன்றின் மீட்டரோடு இணைத்தால் முள் அசையும். ஆனால் பொய் சொல்லும். மூன்றாவது, அளவுகோல். ரேடியேட்டருக்குரிய மீட்டர் 120 டிகிரியோடு முடிந்துவிடக் கூடும். கியர் பெட்டிக்கு 150 டிகிரி சென்டிகிரேட் வரை காட்டுவதே தகும்.

சென்சாரை எங்கே பொருத்துவது என்பதே இவ்விஷயத்தின் உயிர்நாடி. கை கியர் பெட்டியில், அது எண்ணெய் மட்டத்துக்குக் கீழே, எண்ணெயில் மூழ்கி, ஆனால் சுழலும் பல்லில் படாது நிற்க வேண்டும். பல பெட்டிகளின் பக்கத்தில் பிளக்கால் அடைத்த துளை ஒன்று உண்டு. அதுவே தகுந்த இடம். அடியிலுள்ள டிரெயின் பிளக்கை எடுத்துவிட்டு அங்கே பூட்டுவாரும் உளர். அதில் இரு குறைகள்: சாலைக் கல் பட்டு உடையலாம், அப்பிளக்கில் காந்தம் இருந்திருப்பின், இரும்புத் துகளைப் பிடிக்கும் காவலும் போய்விடும்.

தானியங்கிப் பெட்டியில், அடித்தட்டில் வைக்கும் சென்சார் பெட்டிக்குள் நிலவும் பொதுவான வெப்பத்தை அமைதியாகக் காட்டும். கூலருக்குச் செல்லும் சூடான குழாயில் டீ ஜாயின்ட் இட்டுப் பூட்டினால், ஏற்றத்தில் எழும் வெப்பம் உடனே தெரியும். முள்ளும் அடிக்கடி ஏறி இறங்கும். கூலரிலிருந்து திரும்பும் குழாயில் மட்டும் வைத்தால், குளிர்ந்த எண்ணெயின் கணக்கே கிடைக்கும். அதை நம்புபவர் ஏமாறுவார்.

வண்டி உத்தரவாதக் காலத்தில் இருந்தால், துளையிடுவதற்கு முன் விற்பனையாளரிடம் கேட்டுக்கொள்க. அடித்தட்டில் துளையிடுவதாயின் தட்டைக் கழற்றி, வெளியே துளைத்து, மரை உடைய வளையத்தை வெல்டிங் செய்து, துகள் நீங்கக் கழுவி, புதிய கேஸ்கெட்டுடன் மாட்டுதல் வேண்டும். சென்சாரின் மரையும் துளையின் மரையும் ஒன்றாக இருத்தல் அவசியம். ஒற்றை முனைச் சென்சாருக்கு அதன் உடலே எர்த். ஆதலால் மரையில் டேப்பைப் பட்டைபட்டையாகச் சுற்றினால் மின்னோட்டம் தடைப்பட்டு அளவு தவறும். ஒயரைப் புகைபோக்கிக் குழாயிலிருந்து விலக்கிக் கொண்டுசென்று, தகட்டுத் துளையில் ரப்பர் வளையம் இட்டு நுழைத்து, சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் இணைப்பில், சிறு ஃபியூசுடன் சேர்க்க வேண்டும். ஃபியூஸ் இல்லாத ஒயர் தீ விபத்துக்கு அழைப்பாகும். பணி முடிந்ததும் குறைந்த எண்ணெயை நிரப்பி, கசிவு உண்டா எனப் பார்த்தல் தவறலாகாது.

பூட்டுவதற்கு முன் எளிய சோதனை ஒன்று உண்டு. சென்சாரின் உடலை ஓர் ஒயரால் வண்டியின் எர்த்தோடு இணைத்து, அதன் முனையைக் கொதிக்கும் நீரில் தோய்த்துப் பாருங்கள். முதலமடை போன்ற தாழ்நிலத்தில் முள் 100 டிகிரியை ஒட்டி நிற்க வேண்டும். வால்பாறை உயரத்தில் நீர் சுமார் 96 டிகிரியிலேயே கொதிக்கும் என்பதையும் நினைவிற் கொள்க.

முள் காட்டும் எண்ணை எப்படிப் பொருள்கொள்வது? தானியங்கிப் பெட்டியின் எண்ணெய் 80 முதல் 95 டிகிரி வரை இருப்பது இயல்பு. நீண்ட ஏற்றத்தில் சிறிது நேரம் 110ஐத் தொடலாம்; 120க்கு மேல் நீடிப்பது கேடு. அதிக வெப்பத்தில் ஒவ்வொரு பத்துப் பதினோரு டிகிரிக்கும் எண்ணெயின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகிறது என்பது தொழிலறிந்தோர் கொள்ளும் பொதுக்கணக்கு. கனரகக் கை கியர் பெட்டியும் 120 டிகிரிக்கு மேல் தொடர்ந்து ஓடலாகாது. எனினும் உங்கள் வண்டியின் கையேடு கூறும் எண்ணே முடிந்த முடிபு. அந்த எண்ணில் மீட்டரின் கண்ணாடிமேல் ஒரு சிவப்புக் கோடு தீட்டி வையுங்கள். இரவில் வண்டியை மாற்றி ஓட்டுபவரும் அறிவார்.

முள் கோட்டை நெருங்கினால் ஆக்சிலேட்டரைத் தளர்த்திக் கீழ் கியருக்கு மாறுக. தாண்டினால் பாதுகாப்பான இடத்தில் நிறுத்துக. தானியங்கி வண்டியில் நியூட்ரலில் எஞ்சினைச் சிறிது நேரம் ஓடவிட்டால், பம்ப் எண்ணெயைக் கூலர் வழியே சுழற்றி ஆற்றும். கை கியர் வண்டியில் ஆறிய பின் எண்ணெய் மட்டத்தைப் பார்க்க வேண்டும். சூடான பெட்டிமேல் தண்ணீர் ஊற்றுதல் கூடவே கூடாது, வார்ப்பு வெடிக்கும்.

ஒவ்வொரு பயணத்திலும் முள் எங்கு நின்றது என்பதை டிரிப் நோட்டில் ஒரு வரி எழுதி வருவது நன்று. அதே சுமை, அதே தொப்பூர் ஏற்றம், அதே பருவம். ஆனால் சென்ற முறையைவிட 10 டிகிரி கூடுதல் என்றால், கசிவோ, எண்ணெய்க் குறைவோ, கூலர் அடைப்போ தலைகாட்டுகிறது என்று பொருள். நாமக்கல்லிலோ சங்ககிரியிலோ நமக்குத் தெரிந்த மெக்கானிக் இருக்கும் இடத்திலேயே அதைச் சீர்செய்துகொள்ளலாம். மொழி தெரியாத ஊரின் நெடுஞ்சாலையில், சுமையோடு நின்று தவிக்கும் நிலை அவ்வாறு தவிர்க்கப்படும்.