முதல் காரை செகண்ட் ஹேண்ட்ல வாங்குறீங்களா? விலையை விட மாசச் செலவைப் பாருங்க!

லைசென்ஸ் வாங்கியாச்சு, கையில 3 லட்சம் இருக்கு. அந்தக் காசுக்கு பழைய பெரிய செடானும் கிடைக்கும், வேகன் ஆரும் கிடைக்கும். மனசு செடான் பக்கம்தான் போகும். எனக்கும் போச்சு. ஊருக்கெல்லாம் கணக்கு பார்க்கிற ஆடிட்டர், சொந்தக் காருக்குக் கணக்கு பார்க்கல!

இப்போ பார்ப்போம். மாசம் 1,000 கிலோமீட்டர் ஓட்டுறீங்க. லிட்டருக்கு 20 கிலோமீட்டர் கொடுத்தா 50 லிட்டர் போதும். 12தான் கொடுத்தா 83 லிட்டர். பெட்ரோல் 100 ரூபாய்னு வெச்சாலும், வித்தியாசம் மாசம் 3,300. வருஷத்துக்கு சுமார் 40,000 ரூபாய்! அது நீங்க போட்டிருக்க வேண்டிய எஸ்ஐபி.

புதுசா ஓட்டும்போது எங்கயாவது உரசத்தான் செய்யும். அதனால பார்ட்ஸ் எல்லா ஊர்லயும் சுலபமா கிடைக்கிற சின்ன பெட்ரோல் கார்தான் நல்லது.

அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடி:

- நம்பிக்கையான மெக்கானிக்கைக் கூட்டிட்டுப் போங்க. இன்ஜின் ஆறியிருக்கும்போதே ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க.
- ஆர்சி புக்ல லோன் இருக்கா? பேங்க் என்ஓசியும் ஃபார்ம் 35-ம் கேளுங்க.
- ஆர்சி 15 வருஷத்துக்குத்தான். 12 வருஷ வண்டின்னா, சீக்கிரமே ரென்யூவல் செலவு வரும்.

வாங்கின பிறகு: 14 நாளுக்குள்ள இன்சூரன்ஸை உங்க பேருக்கு மாத்திடுங்க. இல்லன்னா, உங்க வண்டி சேதத்துக்கு கிளைம் கிடைக்காம போகலாம். பழைய ஓனரோட நோ கிளைம் போனஸ் உங்களுக்கு வராது, பிரீமியம் கூடும்.

கடைசியா ஒண்ணு. 3 லட்சம் இருந்தா, காருக்கு இரண்டரை லட்சம்தான். மீதி 50,000 டயர், பேட்டரி, முதல் சர்வீஸுக்கு. கார் உங்களைச் சுமக்கணும். உங்க சம்பளம் காரைச் சுமக்கக் கூடாது.