அலைமேல் ஆபீஸ் பஸ்

நாட்டின் மிக நீளமான கடல் பாலம் மும்பையையும் நவி மும்பையையும் பக்கத்து வீடுகளாக்கியிருக்கிறது. கார் வைத்திருப்பவர்களுக்கு உடனே; பஸ்ஸுக்கு நிற்பவர்களுக்குக் கொஞ்சம் தாமதமாக.

உல்வேயைத் தாண்டி சிவாஜி நகர் அருகே பாலத்தில் ஏறும் வரை அது இன்னொரு புறநகர் ஏ.சி. பஸ்தான். பாதிப் பேர் தூக்கத்தில், மீதிப் பேர் செல்போனில். பிறகு அடுக்குமாடிகள் பின்னால் நழுவுகின்றன. கொஞ்ச தூரம் அலையாத்திக் காடு, கொஞ்சம் சேறு, அப்புறம் தண்ணீர்தான். மும்பை நோக்கிப் போகிறீர்கள் என்றால் இடதுபக்க ஜன்னலைப் பிடியுங்கள். நவா ஷேவா துறைமுகத்தின் ராட்சத கிரேன்கள், எலிஃபண்டா தீவின் பச்சைக் குன்று, எண்ணெய்க் கப்பல்கள் நிற்கும் ஜவஹர் தீவு எல்லாம் அந்தப் பக்கம்தான். வலதுபக்கம் இருப்பது டிராம்பே. பாபா அணு ஆராய்ச்சி மையம் அங்கே இருப்பதால் பாலத்தின் ஒரு பகுதியில் பார்வையை மறைக்கும் தடுப்புகள் வைத்திருக்கிறார்கள். அந்த இடம் வந்ததும் வலதுபக்கத்துக்காரர்களும் மறுபடி செல்போனுக்குத் திரும்ப வேண்டியதுதான்.

காரில் போகிறவருக்குப் பாதிக் கடலைக் கைப்பிடிச் சுவரே மறைத்துவிடும். பஸ் இருக்கையின் உயரத்தில் அந்தத் தொல்லை இல்லை. இந்தப் பாலத்தில் பஸ் பயணிக்குக் கிடைக்கும் ஒரே சலுகை இதுதான் என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருக்கலாம் போல இருந்தது.

2024 ஜனவரி 12ல் பிரதமர் நரேந்திர மோடி திறந்துவைத்த இந்தப் பாலத்தின் முழுப் பெயர் அடல் பிஹாரி வாஜ்பாய் செவ்ரி-நவா ஷேவா அடல் சேது. ஊரில் வெறும் அடல் சேது. மொத்தம் 21.8 கிலோமீட்டர்; அதில் சுமார் 16.5 கிலோமீட்டர் கடல்மேல். 1988ல் திறந்த பாம்பன் சாலைப் பாலத்தை ஒன்றன்பின் ஒன்றாக ஏழு முறை வைத்தால் இந்தக் கடல் பகுதி நிறையும். செலவு 17,840 கோடி ரூபாய்க்கும் மேல். பெரும்பங்கு ஜப்பானியக் கடன். உள்ளே போன உருக்கு மட்டும் ஏறக்குறைய 1.78 லட்சம் டன். கப்பல்களும் படகுகளும் போய்வரும் இடங்களில் தூண்களை நெருக்கி நட முடியாது. எனவே அங்கெல்லாம் கான்கிரீட்டைக் கைவிட்டு, எடை குறைந்த உருக்குத் தளங்களைப் பொருத்தினார்கள். அதில் ஒரு தூணுக்கும் அடுத்த தூணுக்கும் இடைவெளி 180 மீட்டர் வரை போகிறது. இந்த வகைத் தளத்தை இந்தியாவில் கடல்மேல் பயன்படுத்தியது இதுவே முதல் தடவை.

பாலம் புதிது. யோசனை மிகப் பழசு. தீவாகக் கிடந்து திணறும் பம்பாய்க்குக் கிழக்கே, கழிக்கு அப்பால் இரட்டை நகரம் ஒன்று வேண்டும் என்று சார்லஸ் கொரியா, பிரவினா மேத்தா, ஷிரீஷ் படேல் மூவரும் வாதாடியது 1960களின் நடுவில். 1970ல் அதற்காகவே சிட்கோ அமைந்தது. 1973ல் வாஷிப் பாலம் வந்தது. ரயில் கழியைக் கடந்து வாஷிக்குப் போக 1992 ஆயிற்று. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வாடகைக்கு இருந்த எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் சொந்த வீடு தேடி வாஷி, நெரூல் பக்கம் குடிபெயர்ந்தது அந்த ரயிலை நம்பித்தான். ஆனால் தென் மும்பைக்கு நேராகக் கடல் வழி என்பது மட்டும் ஆட்சிக்கு ஆட்சி அறிக்கையாகவே இருந்தது. அடிக்கல் 2016ல், வேலை தொடங்கியது 2018ல்.

திறந்த புதிதில் பாலம் சுற்றுலாத் தலமாகிவிட்டது. காரை ஓரங்கட்டி, குழந்தை குட்டியோடு இறங்கிப் படம் எடுத்துக்கொண்டவர்களுக்குப் போலீஸ் அபராதம் போட்டு ஓய்ந்தது. மணிக்கு 100 கிலோமீட்டர் வரை ஓடும் பாதையில் நிற்பது தற்கொலைக்குச் சமம் என்று சொல்லித்தான் புரியவைக்க வேண்டியிருந்தது.

அந்தப் பாதையில் யாருக்கெல்லாம் இடமில்லை என்பதுதான் கவனிக்க வேண்டிய விஷயம். பைக் கூடாது. ஆட்டோ கூடாது. ரயில் பாதையோ பாலத்தில் இல்லவே இல்லை. காருக்குத் தொடக்கக் கட்டணம் ஒருவழிக்கு 250 ரூபாய். நெரூலிலிருந்து சி.எஸ்.எம்.டி.க்கு ரயில் மாத சீசன் டிக்கெட் சில நூறு ரூபாயில் முடிந்துவிடும் ஊரில், ஒரு நாள் போய்வரும் சுங்கமே அதோடு போட்டி போடுகிறது. முதல் ஆண்டில் பாலத்தைக் கடந்த வண்டிகள் சராசரியாக நாளொன்றுக்கு 23,000ஐக்கூடத் தொடவில்லை. தினம் 70,000 வண்டிகள் போகும் என்ற கணக்கில் கட்டிய பாலம் இது!

அப்படியானால் சாதாரண ஆபீஸ்காரருக்கு இந்த 17,840 கோடியில் பங்கு கிடைக்க ஒரே வழி பஸ்தான். அது தயங்கித் தயங்கி வந்தது. 2024 பிப்ரவரியில் புனேயிலிருந்து வரும் ஷிவ்நேரி பஸ்கள் சிலவற்றைப் பாலத்தின் வழியாகத் திருப்பினார்கள். மார்ச்சில் பெஸ்ட் நிறுவனம் பேலாப்பூரையும் கஃப் பரேடையும் இணைக்கும் எஸ்-145 தடத்தைத் தொடங்கியது, அதுவும் ஆபீஸ் நேரத்துக்கு மட்டும், விரல்விட்டு எண்ணும் டிரிப்புகளில். செப்டம்பரில் நவி மும்பை மாநகராட்சியின் பஸ்கள் நெரூல், கார்கரிலிருந்து மந்திராலயாவுக்கு வந்தன. கட்டணம் 200 ரூபாய்க்கு மேல். பஸ்கள் காலியாக ஓடின. ஆச்சரியமில்லை. 2025 தொடக்கத்தில் கட்டணத்தைப் பாதிக்கும் கீழே வெட்டிய பிறகுதான் ஜனங்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

கட்டணம் ஏன் அவ்வளவு என்று கேட்டால் சுங்கத்தைக் காட்டுவார்கள். ஒரு பஸ் ஒரு தடவை கடக்க 830 ரூபாய். நாற்பது பேர் உட்கார்ந்தால் தலைக்கு இருபது ரூபாய் சொச்சம். பத்தே பேர் என்றால் 83 ரூபாய். ஆள் ஏறாததால் கட்டணம் அதிகம், கட்டணம் அதிகமாக இருப்பதால் ஆள் ஏறவில்லை. நாற்பது பேரை ஏற்றிவரும் பஸ்ஸிடம், ஒரே ஆள் ஓட்டிவரும் காரைப்போல மூன்று மடங்குக்கும் மேல் வசூலிப்பது எந்த ஊர் கணக்கு என்று தெரியவில்லை.

பஸ் செவ்ரியை நெருங்கும்போது இரண்டு பக்கமும் ஒலித்தடுப்புகள் வருகின்றன. கீழே சேற்றுத் திட்டு. குளிர்காலத்தில் பூநாரைகள் ஆயிரக்கணக்கில் இறங்கி இளஞ்சிவப்பாக மேயும் இடம். பாலம் வந்தால் பறவைகள் போய்விடும் என்ற பயம் வேலை தொடங்கும் முன்பே இருந்தது, தடுப்புகள் அதற்காகத்தான். கழியின் மேல்பகுதியிலுள்ள பூநாரைச் சரணாலயம் 2022ல் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. கோலி மீனவர்களின் கதை அவ்வளவு சுலபமாக முடியவில்லை. வலை போட்ட இடத்தில் தூண் வந்துவிட்டது. இழப்பீடு கொடுத்தார்கள், அது யாருக்கு, எவ்வளவு என்பதில் வழக்கும் வாக்குவாதமும் பாலத்தோடு சேர்ந்தே வளர்ந்தன.

கடல்மேல் இருபது நிமிஷத்தில் வந்தாயிற்று. கிழக்கு விரைவுச் சாலையும் சரசரவென்று போகிறது. அது இறங்கும் இடத்தில்தான் பழைய மும்பை காத்திருக்கிறது: சிக்னல், லாரி, சி.எஸ்.எம்.டி. நெரிசல். செவ்ரியிலிருந்து வோர்லிக்கு நேராகப் போக உயர்மட்டச் சாலை ஒன்றும் கட்டத் தொடங்கினார்கள். அதற்காக நூற்றாண்டு கண்ட எல்ஃபின்ஸ்டன் பாலத்தை 2025 செப்டம்பரில் மூடி இடிக்க ஆரம்பித்ததில் பரேல், பிரபாதேவி பக்கம் நெரிசல் இன்னும் கூடியது.

இதற்கிடையே இரண்டு மாற்றங்கள் நடந்தன. 2025 ஆகஸ்டில் மின்சார கார்களுக்கும் பஸ்களுக்கும் மாநில அரசு இந்தப் பாலத்தில் சுங்கத்தை ரத்து செய்தது. அக்டோபர் 8ல் உல்வே பக்கம் நவி மும்பை விமான நிலையம் திறப்பு விழா கண்டது. மின்சார பஸ் விட்டால் 830 ரூபாய்ச் சாக்கு இனி செல்லாது. ஏற ஆளில்லை என்ற சாக்கும் விமானங்கள் கூடக் கூடக் கரைந்துவிடும். பாக்கி இருப்பது டிரிப்புகளின் எண்ணிக்கை. காலையில் பஸ்ஸில் போனவர் ராத்திரி எட்டரைக்கு ஆபீஸை விட்டு இறங்கினால், வீடு திரும்ப அவருக்கு அதே பாலத்தின்மேல் ஒரு பஸ் வேண்டும்.