கசக்கக் கசக்கக் கூம்பும் கருவிழி

சென்னையின் குரோம்பேட்டைக்குப் பெயர் வந்தது குரோம் தோல் தொழிற்சாலையால். தோலிலுள்ள கொலாஜன் இழைகளைக் குரோமிய உப்பு ஒன்றோடொன்று பிணைத்துவிடும். அதனால்தான் பதனிட்ட தோல் அழுகுவதில்லை. அந்தக் கொலாஜன், மூன்று புரி முறுக்கிய கயிறு போன்றது என்று 1954-55-இல் சொன்னவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என்.ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். கருவிழிக்கும் உறுதி தருவது கொலாஜன்தான். அது தளர்ந்து, கருவிழி முன்புறம் கூம்பிவிடுவதே கெரட்டோகோனஸ்.

பெரும்பாலும் பதின்பருவத்தில் தொடங்கும். கண்ணாடியின் சிலிண்டர் பவர் ஏறிக்கொண்டே போகும். பெற்றோர் கண்ணாடியை மாற்றுவார்கள், செல்போனைப் பிடுங்கி வைப்பார்கள். கருவிழியின் வளைவைப் படமெடுக்கும் டோபோகிராபி மட்டும் யார் நினைவுக்கும் வராது.

குரோமியம் தோலில் செய்வதை, கருவிழியில் வைட்டமினும் ஒளியும் செய்கின்றன. ஜெர்மனியின் டிரெஸ்டனில் உருவான கிராஸ்லிங்கிங் சிகிச்சை இது. நோயாளிகளிடம் கண்ட பலன் 2003-இல் வெளியானது. கண்ணை மரத்துப்போகச் செய்து, கருவிழியின் மேல்தோலை மெல்லச் சுரண்டி எடுப்பார்கள். ரிபோஃப்ளேவின் என்னும் மஞ்சள் நிற வைட்டமின் சொட்டு அரை மணி நேரம். பிறகு புற ஊதா ஒளி அரை மணி நேரம். இப்போது நேரம் குறைந்த முறைகளும் உண்டு. மேல்தோல் வளரும்வரை கண்ணில் பாதுகாப்பு லென்ஸ் இருக்கும். மூன்று நான்கு நாள் எரியும், நீர் வடியும்.

போன பார்வை இதனால் திரும்பாது. மேற்கொண்டு கூம்பாமல் தடுக்கும், அவ்வளவுதான். வழக்கமான முறைக்குக் கருவிழி 400 மைக்ரானாவது தடித்திருக்க வேண்டும். மெலிந்த பிறகு ஓடி வந்தால் வழி குறைவு. நோய் கூடுவது உறுதியான பிறகு செய்தால் போதும் என்று சொல்லும் மருத்துவர்களும் இருக்கிறார்கள். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அந்தக் காத்திருப்பு ஆபத்தானது என்பேன்.

அதைவிட என்னை உறுத்துவது கசக்கும் கை. குரோம்பேட்டை ஜி.எஸ்.டி. சாலைத் தூசியில் பள்ளி விட்டு வரும் பிள்ளைகளைப் பாருங்கள். விரல் மூட்டை இமைமேல் அழுத்தி உருட்டுகிறார்கள். சிவந்த பிறகும் விடுவதில்லை. ஒவ்வாமை அரிப்பு அப்படி. இப்படிக் கசக்குவதற்கும் கெரட்டோகோனஸுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. சிகிச்சைக்குப் பின்னும் கசக்கினால் நோய் மீண்டும் கூடலாம். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் சொட்டில் ஸ்டீராய்டு இருந்து, அதை மாதக்கணக்கில் விட்டால் கண் அழுத்தம் ஏறும், புரையும் விழலாம். மருத்துவர் எழுதித் தரும் ஒவ்வாமைச் சொட்டும், மூடிய இமைமேல் குளிர்ந்த நீர் ஒத்தடமும் இப்போதைக்கு அரிப்பை அடக்கும். கண்ணைக் கசக்கும் பிள்ளைக்கு டோபோகிராபியைத் தள்ளிப்போடாமல் எடுத்துவிடுங்கள்.